வெள்ளை நாய்க்கு வெள்ளை மை இல்லை

ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடியில் டி-ஷர்ட் வாங்குவது நல்ல காரியத்தில் சேருமா சேராதா என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தச் சந்தின் வழியாகத்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு துணிக்கடை. இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். எட்டு எடுத்தேன், நாலு இனாமாக வந்தது. மொத்தம் பன்னிரண்டு, எல்லாம் கருநீலம். நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். எட்டுக்குக் காசு கொடுத்துப் பன்னிரண்டைத் தூக்கி வருவதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம், ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலையில்கூடக் கிடைக்கவில்லை. பில்லின் அடியில் "தள்ளுபடிச் சரக்கு திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது" என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் கண்ணாடி போடாமல் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "எதுக்குங்க பன்னண்டு?"

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு. அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. பஸ் ஏறினால் அரை மணி நேரம். சீட்டுக் கிடைத்து உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். தேரன்று அக்கா வீட்டு வாசலில் வருஷா வருஷம் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். அந்த வருஷம் என் மருமகன், அதாவது அக்கா மகன், இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, போனில் ஒரு யோசனை சொன்னான். "மாமா, மோர் ஊத்துற எல்லாரும் ஒரே டி-ஷர்ட் போட்டா கெத்தா இருக்கும். நாமளே வீட்டுல பிரிண்ட் போட்டுக்கலாம். ஒரு இங்க்ஜெட் பிரிண்டர், டிரான்ஸ்ஃபர் பேப்பர், இஸ்திரிப் பெட்டி. அவ்வளவுதான்."

இன்ஜினியரிங் படிக்கிறவன் "அவ்வளவுதான்" என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அறுபது வயதில்தான் எனக்கு இது தெரிந்தது.

முதல் சண்டை என்ன படம் போடுவது என்பதில். ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு நாய் வேண்டும். எங்கள் ஊர் நாய் லேசுப்பட்டதில்லை. உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமயமலை நாய்களுக்குச் சமமாக நின்றவர் எங்கள் ஊர்க்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்கோ கோபுரம் வேண்டும். பதினொரு நிலை, 192 அடி. அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று அந்த ஊரில் ரேஷன் கடை வரிசையில் நிற்பவரும் சொல்வார். ஒரு பெண் ஆண்டாளையே போட்டுவிடலாம் என்றாள். அடுப்படியில் இருந்த அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"சாமிய பனியன்ல போட்டு, வேர்வையில நனைச்சு, அப்புறம் சோப்பு போட்டுக் கல்லுல அடிப்பீகளாக்கும்?"

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. கடைசியில் கிளி என்று முடிவானது. ஆண்டாள் கையில் இருக்கிற அந்தக் கிளியை அங்கே தினம் தினம் புதிதாகச் செய்கிறார்கள். இலைகளை மடக்கி, நாரால் கட்டி, மாதுளம்பூவில் மூக்கு வைத்து, மணிக்கணக்காகப் பொறுமையாகச் செய்கிற வேலை. பிளக் கிடையாது, மை கிடையாது, "பேப்பர் ஜாம்" கிடையாது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நெஞ்சில் கிளியும் "ஆடிப்பூரம்" என்ற எழுத்தும், முதுகில் நாய் என்று இரண்டு ஊருக்கும் சமாதானம் செய்துவைத்தேன். நாயை முதுகில் ஏற்றியது மரியாதையா என்று ராஜபாளையத்துத் தரப்பில் இன்றுவரை ஒரு முணுமுணுப்பு உண்டு.

"சிவகாசியப் பக்கத்துல வச்சுக்கிட்டு வீட்டுல பிரிண்ட் போடுறேங்கிறியேடா தம்பி" என்றாள் அக்கா. நியாயமான பேச்சு. ஊர் உலகத்துக்கெல்லாம் காலண்டர் அடிக்கிற ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் போடுகிற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு சல்லடைச் சட்டம் செய்ய வேண்டும் என்றார். கிளிக்குப் பச்சை, மூக்குக்குச் சிவப்பு, எழுத்துக்குக் கறுப்பு, நாய் மூக்குக்கு ரோஸ். "முந்நூறு பீஸ்னா சொல்லுங்க சார். பன்னண்டுக்குச் சட்டம் போட்டா உங்களுக்குக் கட்டாது" என்று அவரே திருப்பி அனுப்பினார். வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரை நான் நம்பியிருக்கலாம். "பன்னிரண்டுக்குக் கட்டாது" என்றதை மட்டும் கேட்டுக்கொண்டு பிரிண்டர் வாங்கப் போனேன்.

பிரிண்டர் கடையில் இருந்த பையன் மூன்று வகை காட்டினான். ஒன்று கார்ட்ரிட்ஜ் போடுவது, விலை குறைவு. இரண்டாவது, பாட்டிலில் மை வாங்கித் தொட்டியில் ஊற்றுவது. விலை மூன்று மடங்கு. மூன்றாவது லேசர், அது வேறு சாதி, மையே கிடையாது, பொடிதான். "சார், டேங்க் மாடலே எடுத்துக்குங்க" என்று அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அதிக விலைச் சரக்கை விற்கப் பார்க்கிறான் என்று என் கணக்குப்பிள்ளை மூளை சொன்னது. கார்ட்ரிட்ஜ் பிரிண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். பெட்டியோடு வருகிற மை வெள்ளோட்டத்துக்கு மட்டும்தான். இரண்டு நாள் கிளியைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, சாதாரணப் பேப்பரில் எடுத்துப் பார்த்ததிலேயே அது தீர்ந்தது. கறுப்பும் கலருமாகப் புதிது வாங்கப் போனால் பிரிண்டர் விலையில் பாதியை நெருங்கியது. அதைவிடக் கொடுமை, கலர் கார்ட்ரிட்ஜ் என்பது ஒரே டப்பாவுக்குள் மூன்று அறை: நீலம், ரோஸ், மஞ்சள். நாங்கள் அடித்ததோ கிளி. பச்சை என்று தனியாக மை கிடையாது. நீலமும் மஞ்சளும் சேர்ந்துதான் பச்சை. ஆக நீலமும் மஞ்சளும் ஒட்ட வற்றிவிட, ரோஸ் அறை மட்டும் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி அப்படியே இருந்தது. நாய் மூக்குக்கும் கிளி மூக்குக்கும் எவ்வளவு ரோஸ் செலவாகிவிடும்? இருந்தும் டப்பாவை மொத்தமாகத்தான் தூக்கிப் போட வேண்டும். மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் பெயில் என்பதற்காக மூன்றாவது பிள்ளையையும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துகிற நியாயம் இது.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் பேப்பர். ராஜபாளையத்தில் நாலு ஸ்டேஷனரிக் கடையில் கேட்டேன். ஒருவர் ட்ரேசிங் பேப்பர் கொடுத்தார். ஒருவர் ஸ்டிக்கர் பேப்பர் கொடுத்தார். வயதான ஒருவர், "எம்பிராய்டரிக்குப் போடுற கார்பன் பேப்பர்தானே?" என்று மஞ்சள் தாள் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். கடைசியில் கூரியரில்தான் வரவழைத்தோம். பாக்கெட்டைப் பிரித்த அன்று ஆடிக்காற்று. அம்மியே பறக்கிற காற்றில் ஏ-4 தாள் எம்மாத்திரம்? இரண்டு தாள் ஜன்னல் வழியே சஞ்சீவி மலைப் பக்கம் போய்விட்டது. ஒரு தாள் என்ன விலை என்று மனைவிக்கு நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவள் படிக்க வாய்ப்பிருப்பதால் இங்கேயும் சொல்லப்போவதில்லை.

முதல் டி-ஷர்ட்டில் முதலில் நாயைத்தான் ஒட்டினோம். கருநீலத் துணி, அதில் எங்கள் ஊர் வெள்ளை நாய்; கண்ணைப் பறிக்கும் என்று நினைத்தோம். இஸ்திரி போட்டு, தாளை உரித்தோம். நாயைக் காணோம்.

மருமகன் தாளின் பின்பக்கம் பார்த்தான். நான் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் பார்த்தேன். துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது கண்ணாடிக் காகிதம் ஒட்டியது மாதிரி ஒரு பளபளப்பு, அதன் நடுவே பட்டாணி அளவில் அழுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி. மூக்கு மட்டும் வந்திருந்தது.

அன்று ராத்திரிதான் இந்த வித்தையின் ஆதாரமான உண்மை எங்களுக்குப் புரிந்தது. வீட்டு இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு, அவ்வளவே. பேப்பரில் நாம் பார்க்கிற வெள்ளை எல்லாம் பேப்பரின் வெள்ளை. வெள்ளை நாயை அச்சடி என்றால் மெஷின் நாயை விட்டுவிட்டு நாயைச் சுற்றி இருப்பதை அடிக்கும். டிரான்ஸ்ஃபர் பேப்பரில் இரண்டு வகை உண்டு. வெளிர் நிறத் துணிக்கு ஒன்று. அது ஒளி ஊடுருவுகிற படலம், துணியின் நிறம் அடியில் தெரியும். கருநிறத் துணிக்கு வேறொன்று. அதில் வெள்ளைப் படலம் தாளோடேயே வரும். நாங்கள் வாங்கியது முதல் வகை. எங்கள் நாய் அமாவாசை ராத்திரியில் ஓடிய நாயாகிவிட்டது.

சரி என்று கருநிறத் துணிக்கான தாளையும் வரவழைத்தோம். இதில் முறை வேறு. படத்தை வெட்டி, அடித்தாளை முதலில் உரித்துவிட்டு, படம் மேலே தெரிகிற மாதிரி துணியில் வைக்க வேண்டும். பெட்டி நேராகப் படத்தில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். நடுவே எண்ணெய்த்தாள் மாதிரி ஒட்டாத தாள் ஒன்று போட வேண்டும். பாக்கெட்டோடு வந்த தாளைக் காற்று கொண்டுபோய்விட்டது. "பட்டர் பேப்பர் போட்டாலும் போதும் மாமா" என்றான் மருமகன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டர் பேப்பருக்கா பஞ்சம்? 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஊர் அது. அக்கா வீட்டு அலமாரியில் முந்தின நாள் காலி செய்த அரைக்கிலோ டப்பாவில் இருந்த தாளை உருவி எடுத்து, பதவிசாகத் துடைத்து, படத்தின் மேல் விரித்து, பெட்டியை வைத்து அழுத்தினேன்.

வீடு முழுக்கப் பால்கோவா வாசனை. அத்தான் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து, "எங்க, குடு" என்று கையை நீட்டினார். தாளில் மிச்சமிருந்த நெய் இளகி, நாயைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி ஒரு கறை. கொடியில் காயப்போட்ட கால் மணி நேரத்தில் எறும்பு வரிசை கட்டிவிட்டது. நெய்யைக்கூட மன்னிக்கலாம். படத்தின் ஓரத்தில் துணியே சுருங்கி, வதக்கின கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஆகியிருந்தது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

பஞ்சோடு முப்பத்தொரு வருஷம் இருந்தவன் செய்ய வேண்டிய முதல் வேலையை நான் கடைசியாகச் செய்தேன். தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி நூல் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், மிஞ்சுவது மெத்தென்ற சாம்பல். இது உருகிச் சொட்டி, கடுகளவு கருப்பு முண்டாக இறுகி நின்றது. பாலியஸ்டர். பருத்திக்கு வைக்கிற சூட்டில் அது தாங்காது. நூற்பாலை ஊரில் பிறந்து, நூற்பாலைக் கஞ்சி குடித்து, ஆடித் தள்ளுபடியில் பாலியஸ்டரைப் பருத்தி என்று வாங்கி வந்திருக்கிறேன். இதை நான் பழைய ஆலை நண்பர்கள் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடைப் பக்கமே ஒரு வாரம் போகவில்லை.

மனைவி மறுபடியும் பேசினாள். "வெள்ளை நாய்ங்கிறீங்க. வெள்ளை மை இல்லைங்கிறீங்க. வெள்ளைச் சட்டையில போட்டா என்ன?"

அந்த வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிறவன் ஒருத்தன், முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன் ஒருத்தன். யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. வெள்ளைத் துணி என்றால் நாய்க்கு மையே வேண்டாம். துணிதான் நாய். மூக்குக்கு ரோஸ், கண்ணுக்குக் கறுப்பு, உடம்பைச் சுற்றி ஒரு கோடு. மிச்சத்தைத் திருப்பூர் பார்த்துக்கொள்ளும். இங்க்ஜெட் அச்சுக்காகவே பிறந்த ஒரு பிராணி உலகத்தில் உண்டென்றால் அது ராஜபாளையத்து நாய்தான்.

திருப்பூர்ச் சரக்கு, முழுப் பருத்தி, 180 ஜிஎஸ்எம், வெள்ளை டி-ஷர்ட் பதினாலு வாங்கினேன். இந்தத் தடவை கடை வாசலிலேயே நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். கடைக்காரர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். வாங்கியதும் ஒருமுறை தண்ணீரில் அலசி உலர்த்தினோம். புதுத் துணியில் இருக்கிற கஞ்சி மாதிரிப் பூச்சு போகாமல் படம் பிடிக்காது.

இனி கண்ணாடிப் படலம். வெளிர்த் துணிக்கான தாளைக் கவிழ்த்து வைத்துத்தான் இஸ்திரி போட வேண்டும். ஆகவே படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலம் மாற்றி அச்சடிக்க வேண்டும். மாலையைச் சூடி ஆண்டாள் தன் அழகைப் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு கோயிலுக்குள்ளேயே இருக்கிற ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு இது தோன்றவில்லை. முதல் வெள்ளை டி-ஷர்ட்டில் "ஆடிப்பூரம்" தலைகீழ் மொழியாக வந்தது. ஆறு எழுத்தில் "ப்" மட்டும்தான் உயிர் தப்பியது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். எழுத்தாவது பரவாயில்லை. இடது நெஞ்சில் இருக்க வேண்டிய கிளி வலது பக்கம் போய் உட்கார்ந்திருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா இது? ஆண்டாளுக்குக் கிளி இடது கையில. வலது கையில வச்சா அது மதுரை மீனாட்சியில்ல? தேருக்கு வர்றவுக எந்த ஊருன்னு கேப்பாக."

ஒரு கட்டத்தை டிக் செய்ய மறந்ததில் மாவட்டமே மாறிப்போனது.

அடுத்த தாளுக்கு நான் கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிவைத்தேன். மருமகன் தன் பங்குக்குப் பிரிண்டர் அமைப்பில் போய் "மிரர்" என்ற கட்டத்தையும் டிக் செய்தான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேர் திருப்பினால் நேராகிவிடும். கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்பது மூன்றாம் வகுப்பு வாத்தியார் பிரம்பால் சொன்னது. தாளில் "ஆடிப்பூரம்" தெளிவாக, அழகாக வந்தது. "ஆகா, சரியா வந்திருச்சு" என்று இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம். இந்தத் தொழிலில் தாளில் சரியாகத் தெரிந்தால் தப்பு. தப்பாகத் தெரிந்தால்தான் சரி. இரண்டாவது டி-ஷர்ட்டும் போயிற்று. பதினாலு பன்னிரண்டானது. அக்கா, "முதல்லயே பன்னண்டு வாங்கியிருந்தா பத்துதான் மிஞ்சியிருக்கும், நல்ல வேளை" என்றாள். அவள் ஆறுதல் சொல்வது எப்போதும் இப்படித்தான்.

இதற்கிடையே புதுக் கார்ட்ரிட்ஜிலும் நீலம் தீர்ந்தது. மருமகன் மிச்சத் தாள்களை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான். அங்கே இருந்தது லேசர் மெஷின். கடைக்காரர் தாளை வாங்கி, கட்டை விரலால் ஒருமுறை தடவினார். பெண் பார்க்கப் போன இடத்தில் புடவைத் தலைப்பைத் தடவிப் பார்க்கிற பெரியம்மா மாதிரி. "தம்பி, இது இங்க்ஜெட்டுக்கு உள்ளது. இந்த மெஷினுக்குள்ள பொடிய உருக்கி ஒட்டுறதுக்கு ரெண்டு உருளை கொதிச்சுக்கிட்டு இருக்கும். இதை உள்ள விட்டா தாள்ல இருக்குற பூச்சு உருகி, எண்ணெய் விடாத கல்லுல ஊத்துன தோசையாட்டம் ஒட்டிக்கும். நீ தாளுக்கு காசு குடுப்ப. மெஷினுக்கு?" என்று திருப்பிக் கொடுத்தார். இந்தக் கதையில் ஒரு சேதமும் இல்லாமல் முடிந்த அத்தியாயம் இது ஒன்றுதான். அதற்கு நாங்கள் காரணமில்லை.

அப்புறம்தான் மையைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். இங்க்ஜெட் பிறந்த கதையே ஒரு கைத்தவறுதான். 1977ல் ஜப்பானில் கேனான் ஆய்வுக்கூடத்தில் சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரப்பிய ஊசியில் தெரியாமல் பட, மை துளியாகப் பீச்சியடித்தது. சூட்டில் குமிழி எழுந்து மையைத் தள்ளுகிறது என்று அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தொழிலையே கட்டிவிட்டார்கள். எப்சன் போன்றவர்கள் சூடு இல்லாமல், மின்சாரம் பட்டால் நெளிகிற பீசோ வில்லையால் மையைப் பிதுக்குகிறார்கள். கைத்தவறில் அவர்களுக்கு ஒரு தொழில் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது எறும்பு.

டி-ஷர்ட்காரனுக்கு முக்கியம் மை எப்படிப் பீச்சுகிறது என்பதைவிட எந்த வகை மை என்பது. ஒன்று சாய மை. சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரி முழுக்கக் கரைந்திருக்கும், பளிச்சென்று இருக்கும், ஈரம் பட்டால் மறுபடி கரையப் பார்க்கும். இன்னொன்று நிறமி மை. மஞ்சள்பொடி கலக்கிய தண்ணீர் மாதிரி நுண்ணிய துகள் மிதக்கும். ஒட்டிக் காய்ந்தால் சீக்கிரம் போகாது. மஞ்சள் கறையோடு போராடிய எந்த இல்லத்தரசிக்கும் இதை விளக்கவே வேண்டாம். ஒரு சூட்சுமம் இருக்கிறது: பல பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் நிறமி மை, மற்ற மூன்று நிறமும் சாயம். எங்களுடையது அந்த ரகம். வீணாய்ப்போன டி-ஷர்ட்டைத் துவைத்துப் பார்த்தபோது எழுத்து குத்துக்கல் மாதிரி நின்றது, கிளிதான் பறந்துகொண்டிருந்தது. பச்சை கசிந்து இடுப்புவரை இறங்கியிருந்தது.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டரை அத்தானுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். நாலு நிறமும் நிறமி மையாக இருக்கிற டேங்க் மாடல் ஒன்றை, முன்பு நல்ல புத்தி சொன்ன அதே பையனிடம் போய் வாங்கினேன். அவன் "நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்று சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

கடைசித் தடை இஸ்திரி. வீட்டு ஆவி இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஆவி வர ஓட்டைகள் இருக்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் சூடு படாது. வீணாய்ப்போன டி-ஷர்ட்டில் ஒட்டிப் பார்த்தபோது கிளியின் வயிற்றில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள் ஒட்டாமல் நின்றன. மெத்தையில் விரித்துத் தேய்த்தால் அழுத்தம் மெத்தைக்குள் போய்விடுகிறது. அப்போதுதான் தெருமுனைத் தேய்ப்புக்கார அண்ணாச்சி ஞாபகம் வந்தது. சிரட்டைக் கரி போட்ட பித்தளைப் பெட்டி. தூக்கினால் ஏழு கிலோ இருக்கும். அடிப்பக்கம் ஓட்டை இல்லாத முழுத் தகடு. மரப்பலகை மேல் ஒற்றைப் போர்வை. கனம், சூடு, சமதளம் என்று தாள் பாக்கெட்டில் கேட்டிருந்த மூன்றும் ஒரே வேப்பமரத்தடியில்.

அண்ணாச்சி அவசரப்படவில்லை. பெட்டியைத் திறந்து ஊதினார், சாம்பல் பறந்தது. விரலை நனைத்துச் சொட்டுவிட்டார், "சுர்" என்றது. பழைய பேப்பர் ஒன்றில் வைத்து எடுத்தார். பழுப்பேறினால் சூடு அதிகம், கொஞ்சம் ஆறவிட வேண்டும். பிறகு டி-ஷர்ட்டை விரித்து, உள்ளே ஈரம் போக ஒரு இழுப்பு இழுத்தார். தாளைக் கவிழ்த்து வைத்ததும் தேய்க்கப் போனவரை நான் தடுத்தேன். "தேய்க்கக் கூடாது அண்ணாச்சி, அழுத்தி அழுத்தி எடுக்கணும்." "அப்பச் சொல்லுங்க, ஒத்தடம்" என்றார். இரண்டு கையாலும் பெட்டியை ஊன்றி, மனசுக்குள் ஏதோ எண்ணி, எடுத்து, அடுத்த இடத்தில் வைத்தார். ஓரங்களில் இன்னும் கொஞ்ச நேரம். தாள் ஆறட்டும் என்று பீடி ஒன்றைப் பற்றவைத்தார். ஆறியபின் உரிக்கிற ரகத் தாள் அது, சுடச்சுட உரிக்கிற ரகமும் உண்டு. பீடி முடிந்ததும் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தார். கிளி துணியில் இருந்தது. மூக்கு சிவப்பு, உடம்பு பச்சை, இடது நெஞ்சில். "ஆடிப்பூரம்" நேராக இருந்தது. பின்பக்கம் நாய், தபால்தலைக்குப் போஸ் கொடுத்தது மாதிரி.

தேரன்று பன்னிரண்டு பேரும் போட்டுக்கொண்டார்கள். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறிய பெரிய தேர் வீதியில் அசைந்து வரும்போது எந்த டி-ஷர்ட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? "கோவிந்தா" சத்தத்தில் மோர் கேட்பவர் குரலே கேட்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் மருமகனின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, "கிளி நல்லாருக்குடா" என்றாள். இன்னொருவர் முதுகைப் பார்த்துவிட்டு, "மூக்கு மட்டும் எதுக்கு வரைஞ்சிருக்கு?" என்றார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டிலும் மோர், கொத்தமல்லி, தேர்வடத்துத் தூசி. உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழியாமல் நிழலில் போட்டோம். வெளுத்ததே தவிர, கிளி பறக்கவில்லை.

டேங்க் பிரிண்டர் இப்போது எங்கள் வீட்டில் ஒரு உறுப்பினர். சும்மா வைத்தால் முனையில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒரு கலர்ப் பக்கமாவது ஓட்ட வேண்டும். அடைத்துவிட்டால் "ஹெட் கிளீனிங்" என்று தலைமுழுக்கு, அதற்கும் மைதான் செலவு. எண்ணெய்க் குளியல் ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி. பிரிண்டருக்கு எந்தக் கிழமை என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. வாய் ஓயாமல் சத்தம் போடுகிறது, சாப்பாடு செலவு அதிகம், கேட்டதைச் செய்யாது என்பதால் சனிக்கிழமை என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நீங்களும் வீட்டில் டி-ஷர்ட் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் அனுபவப்பட்டவன் ஒன்று சொல்கிறேன். படத்தை மட்டுமல்ல, வாங்குகிற வரிசையையும் கண்ணாடியில் திருப்புங்கள். நாங்கள் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, பிரிண்டர், மை, தாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குழியில் விழுந்தோம். நீங்கள் முதலில் துணியின் நூலைக் கொளுத்திப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள். அந்த நிறத்துக்கு எந்தத் தாள் என்று பாருங்கள். அந்தத் தாளுக்கு எந்த மை, அந்த மையைக் குடிக்கிற பிரிண்டர் எது என்று கடைசியில் கடைக்குப் போங்கள். தெருமுனை அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நூறு, இருநூறு வேண்டுமென்றால் பேசாமல் ஸ்கிரீன் பிரிண்டிங்காரரிடம் போய்விடுங்கள்.

கருநீல டி-ஷர்ட் இன்னும் பத்து, கவர் பிரிக்காமல் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம். திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது.